மூணாங்கிளாஸில் மூணு வருஷம்

(கல்வி உரிமை பற்றிய கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கூட்டம் நடத்துகிற தோழர்கள் எனக்கு 'கல்வியும் அதிகாரமும்' என்று தலைப்பு கொடுத்திருந்தார்கள். பெரிய தலைப்பு. நான் கல்வியாளன் கிடையாது. பேங்க்கில் கிளார்க். பகலில் கவுண்டரில் உட்கார்ந்து சீட்டு வாங்கிப் பணம் எண்ணிக் கொடுக்கிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். அதனால் அந்தத் தலைப்புக்குள்ளிருந்து ஒரே ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். 'ஃபெயில்' என்கிற சொல். அதிலும் தொடக்கப் பள்ளியில், ஆறு வயசு, எட்டு வயசுப் பிள்ளையை, கூடப் படித்தவர்களெல்லாம் அடுத்த வகுப்புக்குப் போன பிறகும் அதே வகுப்பில் உட்கார வைக்கிற காரியம்.

இதை இப்போது ஏன் பேச வேண்டும்? 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், எட்டாம் வகுப்பு முடிகிற வரைக்கும் எந்தப் பிள்ளையையும் நிறுத்தி வைக்கக் கூடாது என்று சொன்னது. 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. ஒன்பது வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 2019இல் அதைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் பரீட்சை வைத்து நிறுத்தலாம் என்று ஆக்கினார்கள். 2024 டிசம்பரில் ஒன்றிய அரசு அதற்கான விதிகளையும் வெளியிட்டுவிட்டது. போன ஃபெயில் திரும்பி வருகிறது. அது யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று இங்கே உட்கார்ந்திருக்கிற நமக்கெல்லாம் தெரியும். ஆனா தெரிஞ்சா மட்டும் போதாது, ஆதாரத்தோட பேசணும். அதுக்குத்தான் வந்திருக்கேன்.

முதல் ஆதாரம் என் கவுண்டரில் கிடைத்தது. கூலிப் பணம், முதியோர் பென்ஷன் எடுக்க வருகிற நம் ஜனங்கள், "சார், இத கொஞ்சம் ரொப்பிக் குடு சார்" என்று சீட்டை நீட்டுவார்கள். ரொப்பிக்கொண்டே, எத்தனாவது வரைக்கும் படிச்சீங்கன்னு கேட்பேன். "ரெண்டாவது." "மூணாவது." அதோடு பேச்சு முடிந்துவிடும். ஒரு நாள் ஒரு அம்மாவிடம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டேன்.

"எத்தன வருசம் பள்ளிக்கூடம் போனீங்க?"

"அஞ்சு வருசம் போனேங்க சார்."

"எந்தக் கிளாஸ் வரைக்கும்?"

"ரெண்டாவது."

அன்றையிலிருந்து ரெண்டு கேள்வியையும் சேர்த்தே கேட்கிறேன். ரெண்டு எண்ணும் ஒத்துப்போகாதவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். கணக்குப் பார்க்கிற தொழிலில் இருக்கிறவனுக்கு இது உறுத்தும். கட்டியது அஞ்சு, பாஸ்புக்கில் ஏறியது ரெண்டு. மீதி மூணு எங்கே போச்சு?

எங்கள் வீட்டிலேயே அந்தக் கணக்கு இருக்கிறது. என் அண்ணன் என்னைவிட ரெண்டு வயசு மூத்தவன். எங்கள் சேரியில் தை பிறந்தால் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆணும் பெண்ணும் செங்கல் சூளைக்குப் போய்விடுவார்கள். மழை பிடிக்கிறதுக்கு முன்னால், ஆனி ஆடியில்தான் திரும்புவது. அண்ணனுக்கு அப்போது எட்டு வயசு. பச்சைக்கல்லைத் திருப்பிப் போடவும் காய்ந்ததை எடுத்து அடுக்கவும் அந்தக் கை போதும். கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு ஆறு வயசு, ஒன்றுக்கும் உதவ மாட்டேன். ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். முழுப்பரீட்சை ஏப்ரலில். பரீட்சையன்றைக்கு அண்ணன் சூளையில் இருந்தான், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்ததும் வாத்தியார் பேர் வாசித்தார். என் பேர் வந்தது. அவன் பேர் வரவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. 1996இல் நான் மூணாங்கிளாஸுக்குப் போனபோது அவன் அங்கேயேதான் இருந்தான். மூணாங்கிளாஸில் அவனுக்கு அது மூணாவது வருஷம். அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சு. "ஒந் தம்பியப் பாத்துக் கத்துக்கடா" என்று வாத்தியார் சொல்லும்போதெல்லாம் கிளாஸே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். இதை இந்த மேடையில் சொல்லாமல் மற்றதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அந்தப் பொங்கலுக்கு அப்புறம் சூளைக்குப் போனவன், திரும்பி வந்து பள்ளிக்கூடப் பக்கமே போகவில்லை. பதிவேட்டில் அவன் 'இடையில் நின்றவன்'. அவனா நின்றான்?

ரொம்ப நாள் நானும் ஒரு நினைப்பில்தான் இருந்தேன். எனக்குப் படிப்பு ஏறிச்சு, அவனுக்கு ஏறல. பேங்க் பரீட்சை எழுதி வேலைக்கு வந்து, முதல் சம்பளம் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும் அந்த நினைப்பு இருந்தது. பிறகுதான் உறைத்தது. ஆறு வயசில் என் கை சின்னதாக இருந்தது, அதனால் நான் பாஸ். எனக்கு எட்டு வயசானபோது அண்ணன் கை கல் திருப்பிக்கொண்டிருந்தது, அதனால் என்னை விட்டுவைத்தார்கள், மறுபடியும் நான் பாஸ். இதிலே எங்க ரெண்டு பேர் மூளைக்கும் என்ன சம்பந்தம்?

எங்க வீட்டுக் கதை மட்டும் என்றால் இதை ஒரு கவிதையாக எழுதி அமுக்கியிருப்பேன். இது நூறு வருஷக் கதை. பாபாசாகேப் அம்பேத்கர் 1927 மார்ச் 12ஆம் தேதி பம்பாய்ச் சட்டமன்றத்தில் கல்வி மானியம் பற்றிப் பேசினார். மகத் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடிப்பதற்குச் சுமார் ஒரு வாரம் முன்னால். தொடக்கப் பள்ளியில் சேருகிற 100 பிள்ளைகளில் 18 பேர்தான் நாலாம் வகுப்பை எட்டுகிறார்கள், மற்ற 82 பேர் எழுத்தறியாத நிலைக்கே திரும்பிப் போகிறார்கள் என்று அரசாங்கத்தின் முன்னால் கணக்கு வைத்தார். குளத்தில் இறங்கிய அதே மார்ச்சில்தான் அவர் தொடக்கப் பள்ளியைப் பற்றியும் பேசியிருக்கிறார். அவருக்கு ரெண்டும் ஒரே போராட்டம்.

ரெண்டு வருஷம் கழித்து 1929இல் ஹார்டாக் கமிட்டி அறிக்கை வந்தது. அது ரெண்டு சொற்களைப் பிரபலமாக்கியது. விரயம், தேக்கம். பாதியில் நின்றுபோனால் விரயம். ஒரே வகுப்பில் ஒரு வருஷத்துக்கு மேல் கிடந்தால் தேக்கம். பி.எட். படிக்கிற தோழர்கள் இதை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியிருப்பீர்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். தேங்குவது என்றால் தானாகவே நடக்கிற மாதிரி இருக்கிறது, குட்டையில் தண்ணீர் தேங்குகிற மாதிரி. மடையை அடைத்தவன் யார் என்பது அந்தச் சொல்லில் இல்லை. எழுவாயை ஒளித்துவைத்துப் பேசுவதுதான் அதிகாரத்தின் இலக்கணம். 'பிள்ளை ஃபெயிலாயிட்டான்' என்பதும் அதே இலக்கணம்தான்.

சரி, உலகத்துக்கு வருவோம். யுனெஸ்கோ எடுத்த கணக்குப்படி 2010ஆம் வருஷத்தில் உலகம் முழுக்கத் தொடக்கப் பள்ளிகளில் அதே வகுப்பைத் திரும்பப் படித்த பிள்ளைகள் 3 கோடியே 22 லட்சம் பேர். பள்ளியை விட்டே போனவர்கள் 3 கோடியே 12 லட்சம் பேர். முதல் கூட்டத்திலிருந்துதான் ரெண்டாவது கூட்டத்துக்கு ஆள் போகிறது.

எல்லா நாட்டிலும் இது நடக்கிறதா என்றால் இல்லை. ஜப்பானிலும் நார்வேயிலும் கட்டாயக் கல்வி வயசுப் பிள்ளையை ஒரே வகுப்பில் ரெண்டு வருஷம் உட்கார வைக்கிற பழக்கமே கிடையாது. வயசுக்கு ஏற்ற வகுப்பு, அவ்வளவுதான். அங்கே எல்லாப் பிள்ளைக்கும் ஒரே மாதிரியா படிப்பு ஏறுது? கிடையாது. பின்தங்கினவனை என்ன செய்வது என்பதை அந்தப் பள்ளிக்கூடம் தன் வேலையாக எடுத்துக்கொள்கிறது. பின்லாந்தில் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு மேல், வாரத்தில் சில மணி நேரம் தனி ஆசிரியரிடம் கூடுதலாகப் படித்துவிட்டுத் தன் வகுப்புக்கே திரும்பி வருகிற ஏற்பாடு பல வருஷமாக நடந்தது. ஐந்தில் ஒருவன் போகிறான் என்றால் அது அவமானமாக இருக்க முடியாது.

இன்னொரு பக்கம் பிரான்ஸ், பெல்ஜியம், ஸ்பெயின், போர்ச்சுகல். 2012இல் நடந்த பிசா தேர்வில் பதினைந்து வயசுப் பிள்ளைகளிடம், எப்போதாவது ஒரு வகுப்பில் ரெண்டு முறை இருந்திருக்கிறாயா என்று கேட்டார்கள். வளர்ந்த நாடுகளின் சராசரி 100க்கு 12. பிரான்சில் 28, ஸ்பெயினில் 33, போர்ச்சுகலில் 34, பெல்ஜியத்தில் 36. பிரான்ஸ் தன் காலனிகளுக்கு மொழியோடு சேர்த்து இந்தப் பழக்கத்தையும் கொடுத்துவிட்டுப் போனது. செனகலில் வீட்டில் வொலோஃப், புலார், செரேர் என்று பேசுகிற பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே பிரெஞ்சில் பாடம். புரியவில்லை என்றால் திரும்ப அதே வகுப்பு, திரும்பவும் பிரெஞ்சிலேயே. கடைசியில் பிரான்சே 2014இல் ஓர் ஆணை போட்டு, வகுப்பில் நிறுத்துவது இனி விதிவிலக்காக மட்டும்தான் இருக்கும் என்று சொல்ல வேண்டி வந்தது.

அந்த 2012 கணக்கில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஏழைப் பிள்ளை மார்க் குறைவாக எடுக்கிறான், அதனால் அதிகமாக நிற்கிறான் என்று நினைப்போம். அதையும் சோதித்தார்கள். ஒரே அளவு மார்க் வாங்குகிற வசதியுள்ள பிள்ளையையும் வசதியில்லாத பிள்ளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வசதியில்லாத பிள்ளை நிறுத்தப்படுவதற்கான வாய்ப்பு ஒன்றரை மடங்கு. அதே மார்க், வேற வீடு. எதை வைத்து நிறுத்துகிறார்கள் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இந்த விஷயத்தில் நாம் அதிகம் கற்றுக்கொள்ள வேண்டிய நாடு பிரேசில். அடிமை முறையை 1888இல்தான் ஒழித்த நாடு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே கறுப்பு மக்கள் அதிகமாக வாழ்கிற நாடு. அங்கே ரொம்ப காலமாக அரசாங்கம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. ஏழைப் பிள்ளைகள் முதல் வகுப்பிலேயே பள்ளியை விட்டு ஓடிப்போகிறார்கள், அவர்கள் குடும்பத்துக்குப் படிப்பில் அக்கறை இல்லை. நாம கேக்காத பேச்சா? செர்ஜியோ கோஸ்தா ரிபேரோ என்று ஒருவர். அடிப்படையில் இயற்பியல்காரர். அவரும் கூட இருந்தவர்களும் பள்ளிக்கூடப் பதிவேட்டை மட்டும் நம்பாமல், வீடு வீடாக எடுத்த கணக்கெடுப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். கணக்கு தலைகீழாகிவிட்டது. பிள்ளைகள் ஓடிப்போகவில்லை. முதல் வகுப்பிலேயே திரும்பத் திரும்ப உட்கார்ந்திருந்தார்கள். திரும்ப வந்தவனைப் பள்ளிக்கூடம் புதுசாகச் சேர்ந்தவன் என்று எழுதிவிடும், அதனால் போன வருஷத்துப் பேர் ஓடிப்போனவன் கணக்கில் போய்விடும். 1980களில் முதல் வகுப்பில் இருந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் ஏற்கெனவே அந்த வகுப்பைப் படித்தவர்கள். 1991இல் அவர் எழுதிய கட்டுரைக்கு வைத்த தலைப்பே, ஃபெயில் போடுவதுதான் இந்த நாட்டின் கல்விமுறை என்கிற பொருள்படும்.

என் கவுண்டரில் அந்த அம்மா சொன்னதும் இதுதானே? அஞ்சு வருஷம் போனேன், ரெண்டாவது படிச்சேன். அக்கறை இல்லாத குடும்பமா அஞ்சு வருஷம் அனுப்பும்? பிள்ளை கைவேலைக்கு உதவுகிற வயசில், கூலியை விட்டுவிட்டு, அஞ்சு வருஷம் அனுப்பியிருக்கிறார்கள். பள்ளிக்கூடம் அதை ரெண்டு என்று வரவு வைத்திருக்கிறது.

அதே காலத்தில், 1990இல் மரியா ஹெலேனா சோசா பாட்டோ என்கிற உளவியல் பேராசிரியை 'பள்ளித் தோல்வியை உற்பத்தி செய்தல்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். சாவோ பாலோ நகரத்தின் விளிம்பில் இருக்கிற ஏழைகள் பகுதிப் பள்ளி ஒன்றில் திரும்பத் திரும்ப ஃபெயிலான பிள்ளைகளோடும், அவர்கள் வீட்டோடும், ஆசிரியர்களோடும் பழகி எழுதியது. பிள்ளைக்குச் சத்துக் குறைவு, பிள்ளைக்கு மூளை மந்தம், வீட்டில் பண்பாடு இல்லை என்று அதுவரை சொன்ன விளக்கங்களையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, தோல்வி பள்ளிக்கூடத்துக்குள்ளேயே எப்படித் தயாராகிறது என்று காட்டினார். உற்பத்தி என்கிற அந்தச் சொல்லைத்தான் பாருங்கள். ஹார்டாக் ஒளித்துவைத்த எழுவாயை அந்தம்மா வெளியே இழுத்துப் போட்டுவிட்டார்.

நம் வாசிப்பு வட்டங்களில் பாவ்லோ ஃப்ரெய்ரே பெயர் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அவர் 1989இல் சாவோ பாலோ நகரத்தின் கல்விச் செயலராகப் பொறுப்பேற்றார். வறண்ட வடகிழக்கிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பெண்மணி லூயிசா எருந்தினா அப்போது மேயர். அவருடைய நிர்வாகத்தில் 1992இல், எட்டு வருஷத்தை எட்டு வேலியாக வைக்காமல் மூன்று சுழற்சியாகப் பிரித்தார்கள். ஒரு சுழற்சிக்குள் ஃபெயில் கிடையாது. எழுத்து சேர்த்து வாசிக்க ஒரு பிள்ளைக்கு ஒரு வருஷம் பிடிக்கும், இன்னொரு பிள்ளைக்கு மூணு வருஷம் பிடிக்கும். பிடிக்கட்டும், அதற்குள் யாரையும் கழித்துக்கட்டக் கூடாது என்பது யோசனை. 1998இல் சாவோ பாலோ மாநில அரசும் இதே மாதிரி ஒரு முறையைக் கொண்டுவந்தது. அங்கேதான் சிக்கல் வந்தது. ஃபெயிலை எடுத்தார்கள். ஆனால் பல பள்ளிகளில் வகுப்பில் கூட்டம் குறையவில்லை, பின்தங்கினவனுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுக்க ஆளும் நேரமும் போதவில்லை. ஏழைப் பெற்றோர்களே 'எங்க புள்ளைய ஏமாத்தறீங்க, சும்மா தள்ளிவிடறீங்க' என்று எதிர்த்தார்கள். இந்த எதிர்ப்பை நாம் மறக்கக் கூடாது. திரும்பவும் இதற்கு வருகிறேன்.

அதற்கு முன்னால் தென்னாப்பிரிக்கா. 1953இல் பாண்டு கல்விச் சட்டம் என்று போட்டு, கறுப்புப் பிள்ளைக்குக் கூலிக்காரனுக்கு வேண்டிய படிப்பு போதும் என்று முடிவு செய்த நாடு. 1994இல் அந்த ஆட்சி போனது. பள்ளிக்கூடம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. கேப் டவுன் நகரத்து இளைஞர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்து, 2011இல் மூன்று ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வெள்ளைப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில், தனியாக வைத்த எழுத்து, எண் தேர்வில் நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போகிறான். மார்க்குக்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு இருக்கிறது. கறுப்புப் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் அந்தத் தொடர்பு ரொம்பப் பலவீனம். தெரிந்தவனும் நிற்கிறான், தெரியாதவனும் போகிறான். லாட்டரிச் சீட்டு மாதிரி. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே லாட்டரி என்று இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். ஒரு பிள்ளை நன்றாகப் படித்தும் நிற்கிறான், படிக்காமலும் போகிறான் என்றால் அவன் என்ன பாடம் கற்றுக்கொள்வான்? உழைப்புக்கும் பலனுக்கும் சம்பந்தமில்லை என்கிற பாடம். அதைத் திடமாகக் கற்றுக்கொண்டு வெளியே வருகிறான். அப்புறம் 'இவனுங்களுக்கு முயற்சி கிடையாது' என்று சொல்வார்கள்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வாதம் இருக்கிறது. நம் வாத்தியார்களும் சொல்வார்கள், நம் அப்பன்மார்களும் சொல்வார்கள். "ஒரு வருசம் கூட ஒக்காந்து படிச்சா அஸ்திவாரம் பலமாயிடும். பெயில் பயம் இருந்தாத்தான் புள்ள படிக்கும்." இதை அமெரிக்காக்காரன் நிறைய சோதித்துப் பார்த்திருக்கிறான். 1989இல் ஹோம்ஸ் என்கிறவர் 63 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். 54 ஆய்வுகளில், நிறுத்தப்பட்ட பிள்ளைகள் அதே நிலையில் இருந்து மேலே போன பிள்ளைகளைவிட மோசமாகத்தான் இருந்தார்கள். சிகாகோ நகரம் 1996இல் மூணு, ஆறு, எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்துத் தடுப்பு போட்டது. நிறுத்தப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பு, லத்தீன் பிள்ளைகள். 2004இல் வந்த ஆய்வு, மூணாங்கிளாஸில் நிறுத்தியதால் பலன் இல்லை, ஆறாங்கிளாஸில் நிறுத்தியவர்கள் இன்னும் பின்னால் போய்விட்டார்கள் என்றது.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஃபுளோரிடாவில் 2002 சட்டப்படி மூணாங்கிளாஸில் நிறுத்தப்பட்ட பிள்ளைகள் முதல் சில வருஷம் வாசிப்பில் முன்னேறினார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அங்கே சும்மா நிறுத்தவில்லை. கோடை விடுமுறையில் வாசிப்பு முகாம், தினமும் ஒன்றரை மணி நேரம் வாசிப்புக்கென்றே ஒதுக்கியது, திறமையான ஆசிரியர் என்று கூடவே கொடுத்தார்கள். அப்படியானால் பிள்ளையைத் தூக்கிவிட்டது எது? அவனை அசிங்கப்படுத்தியதா, அந்த ஒன்றரை மணி நேரமா? அந்த ஒன்றரை மணி நேரத்தை அடுத்த வகுப்பில் உட்காரவைத்துக் கொடுத்தால் ஆகாதா?

ஆய்வை விடுங்கள். இரண்டு வருஷம் முன்னால் ஒரு ராத்திரி அண்ணனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். அவனுக்குத் திடீரென்று மூணாங்கிளாஸ் தமிழ்ப் புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது. முதல் பாடத்திலிருந்து ஆரம்பித்தான். பாட்டு, கதை, எந்தப் பக்கத்தில் என்ன படம் என்பது வரைக்கும் ஒப்பித்தான். நான் அசந்துபோனேன். இவனையா மக்கு என்றார்கள்? பாதிப் புத்தகம் போனதும் நின்றுவிட்டான். "அதுக்கு மேல என்னாண்ணே?" என்றேன். "அதுக்கு மேல எனக்குத் தெரியாதுடா. அதுக்குள்ள பொங்க வந்துடும்ல."

மூணு வருஷமும் அவன் படித்தது பொங்கல் வரைக்குமான பாதிப் புத்தகம்தான். அந்தப் பாதி அவனுக்குத் தலைகீழாகத் தெரியும். மறுபாதியை ஒருத்தரும் ஒருமுறைகூடச் சொல்லிக்கொடுக்கவில்லை. திரும்பப் படிக்க வைப்பது என்றால் இதுதான் தோழர்களே. எது சொல்லிக்கொடுக்கப்படவில்லையோ அது மறுபடியும் சொல்லிக்கொடுக்கப்படாமலே போகும்.

இப்போது பிரேசில் பெற்றோர்களின் எதிர்ப்புக்கு வருகிறேன். நம் தரப்பிலேயும் தோழர்கள் கேட்கிறார்கள். ஆல் பாஸ் போட்டுப் போட்டு நம்ம பிள்ளைகள் எட்டாவது வந்தும் பேர் எழுதத் தெரியாமல் நிற்கிறதே, இதுவும் ஒரு சூழ்ச்சிதானே என்று. இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 'படிக்காட்டி என்ன, மேல தள்ளு' என்று நினைக்கிற பள்ளிக்கூடமும் நம் பிள்ளையைக் கைவிட்ட பள்ளிக்கூடம்தான். ஆனால் ஆல் பாஸால்தான் இப்படி ஆனது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கல்வி உரிமைச் சட்டம் வருவதற்கு முன்பே, 2008இல் எடுத்த அசர் கணக்கெடுப்பில், நாட்டின் கிராமப்புறத்தில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் 100க்கு 40 பேருக்கு மேல் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரியாமல் இருந்தார்கள். ஃபெயில் இருந்த காலத்திலும் கற்றுக்கொடுக்கவில்லை, ஃபெயில் இல்லாத காலத்திலும் கற்றுக்கொடுக்கவில்லை. அப்போது பிள்ளையை வாசலுக்கு இந்தப் பக்கம் நிறுத்தினார்கள், அப்புறம் அந்தப் பக்கம் தள்ளினார்கள். கற்பித்தல் என்கிற வேலை ரெண்டு பக்கத்திலும் நடக்கவில்லை.

ரெண்டிலும் ஒரே ஒரு வித்தியாசம் இருக்கிறது. மேலே போன பிள்ளை பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறான். நாளைக்கு ஒரு நல்ல டீச்சர் கையில் அவன் கிடைக்க வழி இருக்கிறது. நிறுத்தப்பட்ட பிள்ளை சூளைக்குப் போய்விடுவான். அங்கே எந்த டீச்சரும் வர மாட்டார். அதனால்தான் நிறுத்தாதே என்பதை நம் முதல் கோரிக்கையாக வைக்கச் சொல்கிறேன். முதல் கோரிக்கைதான், அதோடு முடிந்துவிடவில்லை.

எங்கள் பேங்க்கில் ஒரு வழக்கம் உண்டு. கடன் தவணை 90 நாள் வரவில்லை என்றால் அதை வாராக் கடன் என்று எழுதுவோம். கடன்காரன் பெரிய முதலாளியாக இருந்தால் அவரைக் கூப்பிட்டு ஏசி ரூமில் உட்காரவைத்துப் பேசுவார்கள். தவணையை நீட்டுவார்கள், வட்டியைக் குறைப்பார்கள். அதற்கு மறுசீரமைப்பு என்று பேர். சூளைக்குப் போன எட்டு வயசுப் பிள்ளை 90 நாள் வரவில்லை என்றால் ஒருத்தரும் கூப்பிட்டுப் பேசுவதில்லை. அவனுக்கு மட்டும் மறுசீரமைப்பு கிடையாது. நேரே தள்ளுபடி. கடனைத் தள்ளுபடி செய்தால் கடன்காரனுக்கு லாபம். பிள்ளையைத் தள்ளுபடி செய்தால் யாருக்கு லாபம்? மலிவுக் கூலிக்கு ஆள் வேண்டியவனுக்கு.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை? 2019 செப்டம்பரில் இங்கேயும் ஐந்துக்கும் எட்டுக்கும் பொதுத் தேர்வு என்று அரசாணை போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பி, 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். ஒன்றிய அரசு 2024இல் விதிகள் கொண்டுவந்தபோது, எங்கள் பள்ளிகளில் எட்டாவது வரைக்கும் நிறுத்த மாட்டோம் என்று தமிழ்நாட்டு அரசு சொன்னது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் போராடி வாங்கியதைக் காவல் காக்காவிட்டால் என்ன ஆகும் என்று 2019 காட்டியிருக்கிறது. நிறுத்த மாட்டோம் என்று சொன்ன அரசிடம், கற்றுக்கொடுப்பாயா என்று கேட்க வேண்டிய வேலையும் நமக்கு மிச்சம் இருக்கிறது. சூளைக் காலத்தில் பிள்ளை எங்கே போகிறானோ அங்கே அவன் விட்ட பாடத்திலிருந்து நடத்து. ஒன்றாம், இரண்டாம் வகுப்புக்கு உன்னுடைய சிறந்த ஆசிரியரைப் போடு. வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளைக்கு வருஷக் கடைசியில் பரீட்சை வைக்காதே, ரெண்டாவது மாசத்திலேயே கண்டுபிடித்துப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடு. இதுதான் கோரிக்கை.

மாணவத் தோழர்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போனால், சேரியில் வீடு வீடாகப் போய் ரெண்டே ரெண்டு கேள்வி கேளுங்கள். எத்தனை வருஷம் பள்ளிக்கூடம் போனீங்க? எத்தனாவது வரைக்கும் படிச்சீங்க? ரெண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நடுவில் இருக்கிற வித்தியாசத்தைக் கூட்டுங்கள். நம் ஜனங்களிடமிருந்து எடுத்துக்கொள்ளப்பட்ட வருஷங்கள் அவை. பிரேசிலில் ஒரு சிலர் இந்தக் கணக்கைப் போட்டுத்தான் ஓர் அரசாங்கத்தின் பொய்யை உடைத்தார்கள். நம்மால் ஏன் முடியாது?

அண்ணன் மகள் இப்போது அஞ்சாவது படிக்கிறாள். போன மாசம் போன் பண்ணி, "அஞ்சாவதுல பெயில் போடப் போறாங்களாமே, நெசமாடா?" என்று கேட்டான். இங்கே போட மாட்டாங்கண்ணே என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னான்: "போடலன்னா சரிதான். ஆனா அவளுக்கு முழுப் பொஸ்தகமும் தெரியுதான்னு யாரு பாப்பாங்க?"

நாமதான் பாக்கணும் தோழர்களே.